கவரில் வந்த சட்டை

என் கணவர் செத்துப்போன அன்று, தாம்பரத்து ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் இருந்த சட்டை அவருடையதல்ல.

நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. முப்பத்து நாலு வருஷமாக ஜீவானந்தத்துக்குத் துணி எடுத்துக் கொடுத்தவள் நான். தானாகப் போய் ஒரு கைக்குட்டை வாங்கத் துப்பில்லாத மனுஷன் அவர். தை மாதத்து அந்தச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடம்பாக்கம் ஏரிக்கரைக்கு வாக்கிங் புறப்பட்டபோது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான்தான் கதவைச் சாத்தினேன், என் கண்ணால் பார்த்தேன். ஏரிக்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை வாக்கிங் வந்த நாலு பேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவர் மேல் இருந்தது நீலக் கட்டம். இடையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் ஒரு ஆண்பிள்ளை எங்கே போய்ச் சட்டை மாற்றுவான்?

"கவர் மாறிப்போச்சு, இது எங்களோடது இல்ல" என்று அந்த நர்ஸிடம் எரிந்து விழுந்தேன். பாவம், சின்னப் பெண். அவள் அந்தச் சட்டையின் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காட்டினாள். கூட்டின் உள்பக்கத்தில் என் கையெழுத்தில் என் போன் நம்பர் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்ததும் என் மகள் சின்மயி அவர் துணிமணிகளை மூட்டை கட்டி ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போனாள். அந்தக் கவரை மட்டும் நான் அவளிடம் காட்டவில்லை. என்ன சொல்லிக் காட்டுவது? உன் அப்பா வேறு யார் வீட்டிலோ சட்டை மாற்றியிருக்கிறார் என்றா? பீரோவின் அடித்தட்டில், பழைய மின்சாரக் கார்டுகளுக்குக் கீழே திணித்துவைத்தேன்.

சித்திரையில் ஒரு நாள், மாலை ஆறேகால் இருக்கும். அவர் வழக்கமாக வாக்கிங் முடிந்து திரும்புகிற நேரம். கேட் கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். யாருமில்லை, கொண்டி போட்டபடியே இருந்தது. உள்ளே வந்தவள் என்ன நினைத்தேனோ, நேராகப் போய்க் கவரைப் பிரித்துச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டேன். அப்போது வந்தது முதல் தும்மல். பிறகு இரண்டு, மூன்று, ஒன்பது வரை. கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகிறது. சட்டை பட்ட மணிக்கட்டில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்துவிட்டது.

கீழ் வீட்டு திரிபுரசுந்தரிக்குப் பாம்புச் செவி. மாடிப்படியில் நின்றபடியே, "யாரோ உங்கள நினைக்கிறாங்க மாமி" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள். 'எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை' என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். ஒரு நாளும் குரல் இறங்கியதில்லை. எனக்கு நடந்தபோதுதான் தெரிந்தது, யாராவது எடுக்கமாட்டார்களா என்று எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு தினமும் ஆறேகாலுக்குக் கவரைப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. பிரித்தால் தும்மல் வரும். ஒரு நாளும் தவறியதில்லை. உயிரோடு இருந்தபோது வேறு எதற்கும் சொன்ன நேரத்துக்கு வராத மனுஷன் இப்போது மணி அடித்த மாதிரி வந்தார். தும்மி முடித்துக் கண்ணைத் திறந்தால் கூடத்தில் அவர் இப்போதுதான் நடந்துபோன மாதிரி இருக்கும். வாக்கிங்கிலிருந்து திரும்பும்போது அவர் தலை எப்போதும் ஈரமாக இருக்கும். கால் சுவடு வாசலிலிருந்து பாத்ரூம் வரை போகும். "வேர்க்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று திட்டிக்கொண்டே துடைப்பேன். அந்தச் சுவடு விழுகிற இடத்தை இப்போதும் நான் மிதிப்பதில்லை, ஓரமாகத்தான் நடப்பேன். அழுகையும் தும்மலும் கலந்துவிட்டால் எது எது என்று பிரிக்க முடியாது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஆனால் சட்டையை மடிக்கும்போது ஒரு பயம் வரும். நினைப்பது அவர்தானா? இல்லை, இந்தச் சட்டையை அவருக்கு எடுத்துக் கொடுத்த எவளோ ஒருத்தியா? வெளிப்படையாகவே சொல்கிறேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அவர் என்னுடையவராகத்தான் செத்தாரா? அதைக் கேட்பதற்கு ஆளில்லை. சட்டைதான் இருந்தது. அது தும்மலைத் தவிர வேறு பதில் சொல்லவில்லை.

புரட்டாசியில் சின்மயி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னம்மா இது, கண்ணு ரெண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கு? கையெல்லாம் தடிப்பு? எத்தனை நாளா இப்படி?"

"அழுதா வீங்காதா?"

"அழுதா கை தடிக்காதும்மா."

அந்தப் பெண் பிறந்ததிலிருந்து இப்படித்தான், வாயை அடைக்க முடியாது. குரோம்பேட்டையில் அலர்ஜிக்கென்று ஒரு டாக்டரம்மாவைப் பிடித்து, அவர் சொன்னபடி ஒரு வாரம் எந்தத் தும்மல் மாத்திரையும் போடவிடாமல் என்னைக் காவல் காத்து, எட்டாம் நாள் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

டாக்டரம்மா என் முன்கையில் பேனாவால் கோடு போட்டு, பத்துப் பன்னிரண்டு சொட்டு வைத்து, ஒவ்வொரு சொட்டிலும் ஊசிமுனையால் லேசாகக் குத்தினார். இருபது நிமிஷம் சொறியாமல் உட்காரவேண்டும். தூசிக்கு ஒன்றுமில்லை. கரப்பானுக்கு ஒன்றுமில்லை. பூஞ்சைக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு இடம் கொசு கடித்த மாதிரி புடைத்துக்கொண்டு வந்தது.

"வீட்ல நாய் வளர்க்கறீங்களாம்மா?"

"நாயா? எங்க கேட்டைத் தாண்டி ஒரு நாய் வந்தது கிடையாது."

"நாய் வளர்க்கிறவங்க யாராவது வந்து போறாங்களா?"

"வந்து போனவர் ஒருத்தர்தான். அவர் போயிட்டார்."

சின்மயி என் தோளைப் பிடித்தாள். டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினார். நாயின் முடி காரணமில்லையாம். அதன் தோலிலிருந்து உதிர்கிற செதிலும் எச்சிலும்தான் காரணமாம். துணியில் ஒட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் போகாதாம். "உங்களுக்கு இருக்கிறது மைல்டுதான். டெய்லி ஒரு மாத்திரை, மூக்குக்கு உப்புத்தண்ணி ஸ்பிரே. நாயைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவிடணும், அந்தத் துணியோட படுக்கக்கூடாது. இந்த அளவு அலர்ஜி இருக்கிறவங்க நாயே வளர்க்கிறாங்க, பயப்பட ஒண்ணுமில்ல. மூச்சு இழுத்தா மட்டும் உடனே வாங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சின்மயி எந்த நாய், எந்த நாய் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஐந்து மாதமாக தினம் ஆறேகாலுக்கு என்னைத் தேடி வந்தவர் வரவே இல்லை. வந்தது ஒரு நாயின் தோல் செதில். அவர் இரண்டாம் தடவை செத்துப்போனார். இந்தத் தடவை எனக்கு ஆறுதல் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை, சின்மயி மருந்துக்கடையில் இறங்கி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

துக்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. நாய் இருக்கிறது என்றால் வீடு இருக்கிறது. வீடு இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறது. சின்மயி குளிக்கப் போன நேரத்தில் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு சட்டையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். பைத் தையலுக்குள் செம்மண் நிறத்தில் நாலைந்து குட்டை முடி. காலரின் உள்பக்கம், சிவப்பு நூலில் சின்னதாக ஒரு சிலுவைத் தையல்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிற தசரதனுக்கு இந்த வட்டாரத்துத் துணி அத்தனையும் அத்துபடி. சட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். காலரைப் புரட்டிப் பார்த்தவன் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இது இன்னாக்கா உங்க கையில கீது? இது ஏரிக்கர ஏசுபாதம் அண்ணன் சட்டையாச்சே. சிவப்பு நூலு சிலுவ அவங்க வூட்டுத் துணிக்கு மட்டும் போடறது. இஸ்திரிக்கு வர்ற துணியோட கலந்துடக்கூடாதுன்னு அவரு சம்சாரம் தபீதாள் அக்கா போட்டு வெச்சிக்கும்."

"அந்த ஏசுபாதம் எங்க இருக்கார்?"

"எங்க கீறாரு? அவரு செத்து ஆறு வருசமாச்சுக்கா."

என் கணவர் கடைசி மூச்சு விட்டது ஒரு செத்தவரின் சட்டைக்குள். அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் ஐந்து மாதமாக அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். யாரை நான் கூப்பிட்டேன், யார் வந்தார்கள்? தசரதன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்று தெரியும்.

நேராக ஏரிக்கரைக்கு நடந்தேன். மணி ஐந்து இருக்கும். கரைக்கு இறங்குகிற சந்தின் முனையில், வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை ஒரு பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்கு அடியில் செம்மண் நிறத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. ஒரு காது கிழிந்த நாய். நான் வண்டிக்குப் பக்கத்தில் போனதும் அது எழுந்து வந்து என் கையிலிருந்த கவரை மோந்தது. மோந்ததும் அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாய் அழும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் கேட்டேன். எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

அந்தப் பெண் நான் தும்மி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சார் வூட்டம்மாவா நீங்கோ?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நாயக் கண்டு தும்மறீங்களே."

மரியாதையாகப் பேசவேண்டும் என்றுதான் வந்தேன். வாய் கேட்கவில்லை. "என் புருஷனுக்கு இங்க வந்து சட்டை மாத்துற அளவுக்கு என்ன வேலை?" என்று கத்தினேன். கரையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தபீதாளுக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"கர்த்தர் சத்தியமா சொல்றேன், தப்பா ஒண்ணும் இல்லம்மா. அஞ்சு வருசம் முன்ன இது குட்டியா கீறப்போ காதக் கடிச்சி குதறிப் போட்டுடுச்சிங்க மத்த நாயிங்க. சார்தான் தூக்கிகினு வந்து எங்கைல குட்தாரு. வூட்ல வெச்சிக்க முடியாது, நீ வெச்சிக்கோ தபீதா, நான் தெனம் வந்து பாத்துக்கறேன்னாரு. அப்பலர்ந்து ஒரு நாள் தப்பாம வந்துகினு இருந்தாரு. வந்ததும் வெள்ள சட்டையக் கழட்டி இந்த ஆணில மாட்டிடுவாரு. எங்க வூட்டுக்காரரு சட்ட சும்மாதான கீதுன்னு நான் எட்து குட்தேன். அத்தப் போட்டுகினு மேனேஜர இட்டுகினு கரமேல ஒரு ரவுண்டு."

"மேனேஜரா?"

"அதான் இதுக்குப் பேரு. ஆபீஸ்ல மேனேஜர அதட்டவே முடியலயாம், இங்கயாவது அதட்டிக்கறேன்னாரு."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"திரும்பி வந்தா அந்தக் கொழாயில சோப்பு போட்டு கையி, காலு, மூஞ்சி, தல எல்லாம் கழுவிகினு, வெள்ள சட்டய மாட்டிகினு பூடுவாரு. மழ நாளுகூட தண்ணி ஊத்திக்காம போமாட்டாரு. இன்னா சார் இவ்ளோ பேஜாரு, வூட்டம்மாகிட்ட சொல்லிட வேண்டிதானன்னு ஒருவாட்டி கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அவளுக்கு நாய் ஆவாது தபீதான்னாரு. கோவிலம்பாக்கத்துல உங்க அண்ணன் வூட்ல ஒருவாட்டி தங்கனீங்களாமே, பொசுபொசுன்னு ஒரு வெள்ள நாய் இருந்துச்சாமே. விடிய விடிய தும்மனீங்களாம். தலகாணில தூசின்னு அண்ணிகிட்ட சண்ட வேற போட்டீங்களாம். அது தலகாணி இல்ல, நாயின்னு சாருக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சாம். சொன்னா ஒண்ணு நாய வுடச் சொல்லுவா. இல்லன்னா எனக்காவ பொறுத்துகினு தும்மிகினே கெடப்பா. ரெண்டும் வாணாம்னாரு."

அந்தத் தலையணைச் சண்டையில் அண்ணியோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். பஞ்சை வெயிலில் போடத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொன்னேன். பக்கத்தில் அந்த மனுஷன் எல்லாம் தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அன்னிக்கு வியாழக்கெழம. கரமேலயே வுழுந்துட்டாரு. கழுவிக்க வரவே இல்ல. மேனேஜர் ஆட்டோ பின்னாலயே ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரிக்கும் ஓடிச்சாம், பூக்காரம்மா பாத்துட்டு வந்து சொல்லிச்சி. ராத்திரிக்குத் திரும்பி வந்துச்சி, கால்ல தோலே இல்ல. சார் கோயில் பக்கம் இருந்துதான் வருவாரு, நானும் அங்க நாலு நாளு தேடிப் பாத்தேம்மா. சார் பேரே தெரியாது எனக்கு, யாரன்னு கேப்பேன்?"

வண்டிக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அந்த வெள்ளைச் சட்டை. எட்டு மாதமாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறாள். நான் கவரை அவளிடம் கொடுத்தேன். ஏசுபாதத்தின் சட்டையை வாங்கிக்கொண்டவள் முதலில் கேட்டது, "தோச்சிட்டீங்களா?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அதைப் பிரித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அதில் இப்போது யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இருவருமே இருந்திருக்கலாம். நாய் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது.

கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் என்னுடையவராகத்தான் செத்தார். குழாயடியில் ஐந்து வருஷமும் சோப்பு போட்டுத் தேய்த்தது எனக்காகத்தான். நிம்மதியாகத்தான் இருக்கவேண்டும். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது எனக்கு வந்ததோ ஆத்திரம். "நானும் வரட்டுமா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். "உனக்கு முட்டி வலிக்கும், நீ சீரியல் பாரு" என்பார். எனக்கு முட்டியில் ஒரு கோளாறும் கிடையாது. என்னைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்த மனுஷன், நான் ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டுக் கூடவே நடந்திருப்பேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. அன்று கரையில் விழுந்தபோது பக்கத்தில் நாய் இருந்தது. நான் இருந்திருக்கவேண்டும். தும்மிக்கொண்டாவது இருந்திருப்பேன். அவர் எனக்குச் செய்த நல்லதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டு நாள் தெருவுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் சின்மயியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எது செய்யலாம், எது கூடாது என்று கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ராத்திரி தவறாமல் மாத்திரை. காலையில் மூக்குக்கு ஸ்பிரே. நாய் வீட்டுக்குள் வரக்கூடாது. நாயோடு நடக்கும்போது நான் போட்டுக்கொள்ள ஒரு சட்டை தனியாக, அதை வெந்நீரில் துவைக்கவேண்டும்.

ஒரு வாரம் மாத்திரை போட்டபின், ஒரு சாயங்காலம் அந்த வெள்ளைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டேன். ரோடு வேலை செய்கிற பெண்கள் போட்டுக்கொள்வார்களே, அது மாதிரி. திரிபுரசுந்தரி ஜன்னலிலிருந்து வாயைப் பிளந்தாள். பிளக்கட்டும்.

ஏரிக்கரையில் தபீதாள் வண்டிக்கு அடியிலிருந்து நாயைக் கூப்பிட்டாள். அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டி என் கையில் கொடுத்தாள். ஒரே ஒரு தும்மல் வந்தது, அதோடு சரி. மேனேஜர் என்னிடம் நெருங்கி வந்து சட்டை முனையை மோந்தது. கையை மோந்தது. வால் இப்படியும் அப்படியும் இரண்டு தரம் ஆடியது. பிறகு தலையை நீட்டி, என்னைத் தாண்டி, நான் நடந்து வந்த ரோட்டைப் பார்த்தது. காதை நிமிர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றது. கயிற்றை இழுத்தேன், அசையவில்லை.

அங்கே யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நானும் திரும்பிப் பார்த்தேன்.